கிளெனோரா படகுச் சேவை: பிரின்ஸ் எட்வேர்ட் கவுண்டிக்குக் கிழக்கிலிருந்து ஒரு வழி

ஒன்ராறியோ ஏரியின் வடகரையில், ரொறன்ரோவுக்கும் கிங்ஸ்ரனுக்கும் இடையே, ஏரிக்குள் துருத்திக்கொண்டு கிடக்கும் நிலப்பகுதிதான் பிரின்ஸ் எட்வேர்ட் கவுண்டி. கோடையில் ரொறன்ரோவிலிருந்து அங்கே போகும் நம்மவர்களில் அநேகர் சாண்ட்பாங்ஸ் மணற்கரைக்காகப் போகிறார்கள். 401ஆம் நெடுஞ்சாலையில் பெல்வில் வரை ஓடி, தெற்கே திரும்பிப் பாலத்தைக் கடந்து, நேரே கடற்கரை போன்ற அந்த ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு, மாலையில் அதே வழியால் திரும்பிவிடுகிறார்கள். அந்தப் பயணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்தக் கவுண்டி எப்படிக் குடியேற்றமானது, அதன் வீதிகள் ஏன் இப்படி வளைந்து போகின்றன, ஊர்களுக்கு ஏன் இந்தப் பெயர்கள் வந்தன என்று அறிய விரும்புகிறவர்கள் கிழக்கு எல்லையிலிருந்து, அடோல்பஸ்ரவுனுக்கும் கிளெனோராவுக்கும் இடையே ஓடும் வாகனப் படகில் ஏறித்தான் உள்ளே போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்தப் படகுச் சேவையையும், அது இணைக்கும் 33ஆம் நெடுஞ்சாலையையும் ஒன்றாக வைத்தே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். இரண்டும் ஒரே வீதி என்பதால் பிரித்து எழுத முடியாது.

முதலில் சேவை. இதை நடத்துவது ஒன்ராறியோ மாகாணத்தின் போக்குவரத்து அமைச்சு. மாகாண நெடுஞ்சாலை ஒன்று தண்ணீரில் அறுபடும் இடத்தை இணைக்கும் படகு என்பதால், காருக்கோ சைக்கிளுக்கோ நடந்து வருபவருக்கோ கட்டணம் எதுவும் இல்லை. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே ஓடும் 'பாதை' என்ற மிதவைப் படகில் ஏறிப் பழகியவர்களுக்கு இந்த அமைப்பை விளக்கத் தேவையில்லை. வீதி கரையில் முடிகிறது, மிதக்கும் தளம் வருகிறது, வண்டிகள் ஏறுகின்றன, எதிர்க்கரையில் அதே வீதி தொடர்கிறது. ஆண்டு முழுவதும், காலையிலிருந்து நள்ளிரவு தாண்டும் வரை, பொதுவாக அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை படகு புறப்படும். கோடைகாலத்தில் இரண்டு படகுகள் எதிரெதிராக ஓடுவதால் அந்த இடைவெளி கால் மணி நேரமாகக் குறைகிறது. கடக்கும் நீர் குவின்ரி விரிகுடா; அதன் அகலம் இங்கே சுமார் ஒரு கிலோமீற்றர்தான். ஏறி இறங்குவதோடு சேர்த்துக் கடப்பதற்குக் கால் மணி நேரம் போதும்.

முன்பதிவு கிடையாது. வந்த ஒழுங்கில் வரிசையில் நிற்க வேண்டும். இத்தடத்தில் நீண்ட காலம் ஓடிய 'கிளெனோரா', 'குவின்ரி லோயலிஸ்ட்' என்ற இரு படகுகளும் 1950களின் முற்பகுதியில் கட்டப்பட்டவை. ஒவ்வொன்றிலும் ஏறக்கூடிய கார்களின் எண்ணிக்கை குறைவு. கோடை விடுமுறையின் சனி, ஞாயிறுகளில் இந்தக் கொள்ளளவு போதாது என்பதையும், அந்த நாள்களில் வரிசை வீதியோரமாக வெகுதூரம் நீளும் என்பதையும் புறப்படுமுன் கணக்கில் எடுக்க வேண்டும். கிழமை நாள் ஒன்றின் முற்பகலிலோ, செப்ரெம்பர் பிறந்த பின்னரோ போனால் அநேகமாக வந்த உடனேயே ஏறிவிடலாம். வழிகாட்டிச் செயலியில் 'படகுகளைத் தவிர்' என்ற தெரிவு முன்பே போடப்பட்டிருந்தால், அது உங்களைச் சொல்லாமலே பாலத்துக்குக் கொண்டுபோய்விடும். அதையும் பார்த்து எடுத்துவிடுங்கள்.

ரொறன்ரோவிலிருந்து வருகிறவர்களுக்கு இது சுற்றுவழி. பெல்வில் வெளியேற்றத்தைத் தாண்டி நாபனி வரை ஓடி, அங்கே இறங்கித் தெற்கே வர வேண்டும். ஒரு மணி நேரம் வரை கூடுதலாகச் செலவாகலாம். அந்த நேரத்தைக் கொடுக்கச் சொல்வதற்குக் காரணம் படகின் அழகு மட்டுமன்று. இந்தக் கவுண்டியில் ஐரோப்பியக் குடியேற்றம் இந்தக் கிழக்கு முனையிலிருந்து தொடங்கி மேற்கே நகர்ந்தது. படகிலிருந்து இறங்கி மேற்கே ஓட்டிச் செல்பவர் அந்தக் குடியேற்றம் நகர்ந்த திசையிலேயே செல்கிறார். காலமும் வீதியும் ஒரே திசையில் ஓடும் வாய்ப்பு ஒரு பயணிக்கு அடிக்கடி கிடைப்பதில்லை.

படகேறுமுன் அடோல்பஸ்ரவுனில் இறங்கி நிற்பது அவசியம். அமெரிக்கப் புரட்சியில் பிரித்தானிய முடியின் பக்கம் நின்று, தோற்றபின் வீடு வாசலை இழந்து வடக்கே வந்தவர்களை இங்கே லோயலிஸ்டுகள் என்று அழைக்கிறார்கள். அவர்களில் மேஜர் பீற்றர் வான் அல்ஸ்ரைன் தலைமையில் வந்த ஒரு கூட்டம் 1783இல் நியூயோர்க்கிலிருந்து கப்பலேறி, சென் லோரன்ஸ் ஆற்றங்கரையில் உள்ள சொரெலில் மாரிகாலத்தைக் கழித்து, 1784 ஜூன் 16ஆம் தேதி இந்தக் கரையில் இறங்கியது. ஏறத்தாழ 250 பேர். அவர்கள் இறங்கிய இடத்தில் இன்று ஒரு பூங்காவும் அருங்காட்சியகமும் அவர்களுடைய இடுகாடும் உள்ளன. அந்த இடுகாட்டில் முதலில் புதைக்கப்பட்டது வந்த சில நாள்களில் இறந்த ஒரு குழந்தை என்று சொல்லப்படுகிறது. நூற்றாண்டு நிறைவில், 1884இல் எழுப்பப்பட்ட நினைவுத் தூணும் அங்கேயே நிற்கிறது. போரால் ஊரைவிட்டு வந்து, நிவாரணப் பொருள்களோடும் அரசாங்கம் கொடுத்த கோடரியோடும் காட்டை வெட்டத் தொடங்கிய மக்களின் இடுகாடு அது. இடப்பெயர்வை அறிந்த எந்தச் சமூகத்தவருக்கும் அங்கே நின்று வாசிக்க நிறைய உண்டு.

ஆயினும் அந்த நினைவுத் தூண் சொல்லாத பாதியையும் சேர்த்து வாசிக்க வேண்டும். இந்த நிலம் வெறுமையாக இருக்கவில்லை. லோயலிஸ்டுகளைக் குடியமர்த்துவதற்காக 1783 ஒக்ரோபரில் கப்ரன் வில்லியம் கிரோஃபோர்ட் சுதேச மிசிசாகா மக்களோடு பேசி, துப்பாக்கிகள், வெடிமருந்து, துணிகள் போன்றவற்றுக்கு ஈடாக ஏரிக்கரை நிலத்தைப் பெற்றார். அதற்கு எழுத்து வடிவிலான உறுதி எதுவும் எஞ்சவில்லை. நிலத்தின் ஆழம்கூட ஒரு மனிதன் ஒரு நாளில் நடக்கக்கூடிய தூரம் என்ற அளவிலேயே பேசப்பட்டது. மறுபுறம், முடியின் பக்கம் நின்று போரிட்டதால் தங்கள் தாயகப் பள்ளத்தாக்கை இழந்த சுதேச மோஹாக் மக்களும் கப்ரன் ஜோன் டெசெரொன்ரியோன் தலைமையில் இதே குவின்ரி விரிகுடாவின் வடகரையில் 1784 மே 22ஆம் தேதி வந்திறங்கினார்கள்; அடோல்பஸ்ரவுன் கூட்டத்தை விட ஒரு மாதத்துக்குச் சற்றுக் குறைவான காலம் முன்னதாக. 1793இல் அவர்களுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது ஏறத்தாழ 92,700 ஏக்கர். தயென்டினேகா என்று அழைக்கப்படும் அந்த நிலத்தில் இன்று அவர்களிடம் எஞ்சியிருப்பது சுமார் 18,000 ஏக்கர். லோயலிஸ்டுகள் சிலர் தம்மோடு அடிமைகளையும் கொண்டுவந்தார்கள் என்பதும் இந்தக் கரையின் வரலாற்றில் அடங்கும்.

இப்போது ஊர்ப் பெயர்களைக் கவனியுங்கள். நில அளவையாளர்கள் கிங்ஸ்ரனிலிருந்து மேற்கு நோக்கிக் கரையை ஊர்ப்பிரிவுகளாக வெட்டிச் சென்றபோது அவற்றுக்கு வெறும் எண்களையே இட்டார்கள். முதலாம் ஊர், இரண்டாம் ஊர் என்று. பிறகு அந்த எண்களின் மேல் மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் பிள்ளைகளுடைய பெயர்கள் ஏறின. இரண்டாம் ஊர் ஏர்னஸ்ற் இளவரசரின் பெயரையும், மூன்றாவது ஃபிரெட்ரிக்கின் பெயரையும், நான்காவது அடோல்பஸின் பெயரையும் பெற்றன. நீரைக் கடந்தால் இளவரசிகளின் முறை: ஐந்தாம் ஊர் மேரிஸ்பர்க், ஆறாம் ஊர் சோபியாஸ்பர்க், ஏழாம் ஊர் அமேலியாஸ்பர்க். 1792இல் ஆளுநர் சிம்கோ கவுண்டியை வகுத்தபோது அதற்கும் அதே குடும்பத்திலிருந்து எட்வேர்ட் இளவரசரின் பெயரைச் சூட்டினார்; பிற்காலத்தில் விக்ரோறியா மகாராணியின் தந்தையானவர் அவர்தான். மன்னருக்காக எல்லாவற்றையும் இழந்த மக்களுக்கு மன்னரின் குடும்பமே முகவரியாகக் கொடுக்கப்பட்டது. படகில் நிற்கும் கால் மணி நேரத்தில் நீங்கள் கடப்பது நான்காம் ஊருக்கும் ஐந்தாம் ஊருக்கும் இடையிலான நீர். மேரிஸ்பர்க்கின் முதற் குடிகளில், பிரித்தானியாவுக்காகக் கூலிப்படையாகப் போரிட்டுக் கலைக்கப்பட்ட ஜெர்மானியச் சிப்பாய்களும் இருந்தார்கள்.

படகில் ஏறும் முறையைக் கொஞ்சம் விவரிக்கிறேன். கரையில் இரும்புச் சரிவுப் பலகை இறங்கியதும், பணியாளர் கையசைத்து ஒவ்வொரு வண்டியையும் எந்த வரிசையில் போக வேண்டும் என்று காட்டுவார். முன் வண்டியின் பின்புறத்தை முட்டுவது போல நெருங்கி நிறுத்த வேண்டியிருக்கும். பிரேக்கைப் போட்டு இயந்திரத்தை நிறுத்தியவுடன் காலடியில் படகின் இயந்திர அதிர்வு தெரிய ஆரம்பிக்கும். இறங்கி ஓரக் கம்பியருகே நின்றால், முன்னால் கிளெனோராப் பக்கத்துச் செங்குத்துக் கரை காடு மூடி உயர்ந்து நிற்பதும், அதன் அடியில் நீரோரமாகச் சில கற்கட்டடங்கள் ஒட்டிக்கொண்டிருப்பதும் தெளிவாகத் தெரியும். அந்தக் கட்டடங்களை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே ஏன் அவை இருக்கின்றன என்பதற்கான விடை அந்தச் செங்குத்தின் உச்சியில் இருக்கிறது.

கரையிறங்கி, இடப்புறம் ஏறும் குறுகிய வீதியில் மேலே போனால் 'லேக் ஒன் த மவுண்டன்' (மலைமேல் ஏரி) என்ற மாகாணப் பூங்கா வரும். குவின்ரி விரிகுடாவை விடச் சுமார் 60 மீற்றர் உயரத்தில், பாறை விளிம்பின் மேல், அமைதியான ஓர் ஏரி. வந்து சேரும் ஆறு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஆயினும் தண்ணீர் குறையாமல் வழிந்துகொண்டே இருக்கிறது. அடியே இல்லாத ஏரி என்று முன்னர் நம்பினார்கள். சுண்ணாம்புப் பாறை கரைந்து அமிழ்ந்த பள்ளம் என்றும், நிலத்தடி ஊற்றுகளால் நிறைகிறது என்றும் இன்று விளக்கம் தருகிறார்கள். வியப்பூட்டுவது அதன் இருப்பிடம். ஒருபுறம் ஏரியின் நீர் வீதியோரத்தைத் தொட்டு நிற்க, அதே வீதியின் மறுபுறத்தில் தரை சடுதியாக அறுந்து கீழே விழுகிறது. கீழே, இப்போது நீங்கள் விட்டுவந்த படகு விரிகுடாவைக் கீறிக்கொண்டு திரும்பிப் போவது சிறிதாகத் தெரியும். குழந்தைகளோடு போகிறவர்கள் அந்த விளிம்பில் கவனமாக இருக்க வேண்டும்.

இந்த 60 மீற்றர் வீழ்ச்சியைத்தான் வான் அல்ஸ்ரைன் கண்டுகொண்டார். அடோல்பஸ்ரவுனில் மக்களைக் கரையிறக்கிய அதே மனிதர், எதிர்க்கரையில் 1796இல் இந்த வழிந்தோடும் நீரைக்கொண்டு மாவாலை ஒன்றைக் கட்டினார். காடு வெட்டிக் கோதுமை விதைத்தவனுக்கு அடுத்த தேவை அதை அரைக்க ஓர் இடம். ஆலை இருக்கும் இடத்துக்கு மூட்டைகள் வரும். மூட்டைகள் வரும் வழி வீதியாகும். நீர் குறுக்கிட்டால் அங்கே படகு ஓடும். ஊர் ஒன்று உருவாகும் வரிசை இதுதான். ஸ்ரோன் மில்ஸ் என்று அந்நாளில் அழைக்கப்பட்ட இந்த ஆலைகளை 1829 முதல் 1836 வரை நடத்தியவர் ஹியூ மக்டொனால்ட். கனடாவின் முதற் பிரதமரான ஜோன் ஏ. மக்டொனால்டின் தந்தை. ஆலைகளுக்குப் பின் நீர்ச்சுழலிகள் வார்க்கும் பட்டறை வந்தது. இப்போது அந்த இடத்தில் மாகாணத்தின் மீன்வள ஆய்வு நிலையம் இயங்குகிறது.

இனி வீதி. கிளெனோராவிலிருந்து பிக்ரன், புளூம்ஃபீல்ட், வெலிங்ரன், கொன்செக்கன் வழியாகக் கரியிங் பிளேஸ் வரை போகும் 33ஆம் இலக்க வீதி (புளூம்ஃபீல்டுக்கு மேற்கே அது இப்போது மாகாண நெடுஞ்சாலை அன்று, கவுண்டி வீதி), பெரும்பாலும் பழைய டான்ஃபோர்த் வீதியின் தடத்தையே பின்பற்றுகிறது. ஸ்காபரோவில் வாழும் நம்மவர்களுக்கு அந்தப் பெயர் நாள்தோறும் வாயில் வருவது. ஏசா டான்ஃபோர்த் என்ற அமெரிக்க ஒப்பந்தக்காரர், மைலுக்கு 90 டொலர் என்ற கூலியில், யோர்க் என்று அப்போது அழைக்கப்பட்ட ரொறன்ரோவிலிருந்து கிழக்கே டிரென்ற் ஆற்றின் முகம் வரை காட்டை வெட்டி வீதி திறக்க 1799இல் அரசாங்கத்தோடு உடன்பட்டார். அந்தத் தடம் கிழக்கே இந்தக் கவுண்டியினூடாக நீண்டு, இந்தப் படகுத்துறையில் நீரைக் கடந்து, அடோல்பஸ்ரவுன், பாத் வழியே கிங்ஸ்ரனைச் சேர்ந்தது. ஸ்காபரோவில் மற்ற வீதிகளெல்லாம் கட்டம் போட்டதுபோல் நேராகப் போக, டான்ஃபோர்த் வீதி மட்டும் எக்ளின்ரனைக் குறுக்காக வெட்டிச் சாய்வாக ஏறி மக்கௌவனோடு சேர்வதற்குக் காரணம் அது அந்தப் பழைய காட்டுவழியின் எச்சம் என்பதே. அந்தச் சாய்வான துண்டும் இந்தப் படகுத்துறையும் ஒரு காலத்தில் ஒரே பயணத்தின் இரு இடங்கள்.

அந்த வீதி நெடுங்காலம் தலைமை வீதியாக நிலைக்கவில்லை. கட்டைகள் அழுகின, சேறு மூடியது, பராமரிக்க ஆளில்லை. 1817 அளவில் இன்னும் நேரான தடத்தில் கிங்ஸ்ரன் வீதி திறக்கப்பட்டபோது, போக்குவரத்து விரிகுடாவின் வடகரைக்கு, பெல்வில் பக்கமாக, இடம்பெயர்ந்தது. பின்னர் வந்த தலைமைப் புகையிரதப் பாதையும், அதன் பின் 401உம் அதே வடகரையைத்தான் தெரிவுசெய்தன. நாட்டின் பெருவழி விலகிப் போனதால்தான் இந்தக் கவுண்டியின் ஊர்கள் சிறியனவாக, பழைய வீடுகளோடு, வளைந்த வீதிகளோடு நின்றுவிட்டன. 2021 குடிசன மதிப்பில் முழுக் கவுண்டியிலும் 26,000க்கும் குறைவான மக்களே இருந்தார்கள். வடகரையின் வீதிகளை அகலப்படுத்திய காலம் இங்கே பழையவற்றை அவ்வளவாக இடித்து அழிக்கவில்லை. அதனால் படகில் வந்து இந்த வீதியில் ஓட்டும்போது, வீதி நீரோரத்தை ஒட்டியும் நிலத்தின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்றபடியும் போவதை இன்றும் உணர முடிகிறது. 1984இல், லோயலிஸ்டுகள் வந்த 200ஆவது ஆண்டில், டிரென்ரனிலிருந்து கிங்ஸ்ரன் வரையான ஏறத்தாழ 94 கிலோமீற்றருக்கு 'லோயலிஸ்ட் பார்க்வே' என்று பெயரிட்டு எலிசபெத் மகாராணி திறந்துவைத்தார். பெயர் புதியது, தடம் பழையது.

பிக்ரனில் நிறுத்துங்கள். இங்கே இரண்டு ஊர்கள் ஒரு துறைமுகத்தின் இரு பக்கங்களில் வளர்ந்தன. மேற்குப் பக்கம் ஹலோவெல். கிழக்குப் பக்கம் வில்லியம் மக்கோலே என்ற ஆங்கிலிக்கன் போதகரின் காணி. தன் பக்கத்து ஊருக்கு, வாட்டர்லூவில் இறந்த தளபதி தோமஸ் பிக்ரனின் பெயரை இட்டவர் அவர். 1837இல் இரண்டு ஊர்களும் ஒன்றாக இணைந்தபோது நிலைத்தது பிக்ரன் என்ற பெயரே. ட்ரினிடாட்டில் ஆளுநராக இருந்தபோது அந்தத் தளபதி புரிந்த கொடுமைகள் அவருடைய காலத்திலேயே லண்டனில் வழக்காக விசாரிக்கப்பட்டவை. இளம் ஜோன் ஏ. மக்டொனால்ட் 1833 முதல் 1835 வரை இங்கே சட்டத் தொழில் செய்ததை நினைவுகூர்ந்து பிரதான வீதியில் நிறுத்தப்பட்டிருந்த அவரது சிலையை, சுதேச மக்களின் பிள்ளைகளுக்கான வதிவிடப் பாடசாலைகள் பற்றிய வேதனை நாடெங்கும் எழுந்த 2021 ஜூனில் ஊர்ச்சபை அகற்றத் தீர்மானித்தது. மக்கோலேயின் 1825ஆம் ஆண்டுத் தேவாலயமும், அவர் கட்டிய செங்கல் வீடும் இப்போது கவுண்டியின் அருங்காட்சியகமாக உள்ளன. நேரம் குறைவு என்றால் கவுண்டி அருங்காட்சியகங்களில் இதை மட்டுமாவது பாருங்கள். தேவாலயத்தைச் சூழ்ந்த பழைய கல்லறைகளில் உள்ள குடும்பப் பெயர்களையே பிறகு வழியெங்கும் வீதிப் பெயர்ப் பலகைகளில் காண்பீர்கள்.

புளூம்ஃபீல்டும் வெலிங்ரனும் குவேக்கர் சமயத்தவர் செறிந்து குடியேறிய இடங்கள். வெலிங்ரன் ஊர் அருங்காட்சியகம் 1885இல் கட்டப்பட்ட அவர்களுடைய வழிபாட்டு மண்டபத்திலேயே இயங்குகிறது. இந்த வீதியோரத்தில் உயர்ந்த செங்கல் வீடுகள் அலங்கார மரவேலைகளோடு வரிசையாகத் தெரிய ஆரம்பிக்கும். அவற்றுள் பல, பார்லி தந்த பணத்தில் எழுந்தவை. 1860களிலிருந்து 1890 வரை இந்தக் கவுண்டியின் பார்லி ஏரியைக் கடந்து நேரெதிரே நியூயோர்க் மாநிலத்தின் ஒஸ்வீகோவுக்குப் போய், அமெரிக்க பியர் வடிசாலைகளுக்கு விற்கப்பட்டது. சிறு துறைகள்தோறும் பாய்க்கப்பல்கள் நின்ற காலம் அது. 1890இல் அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய மக்கின்லி வரி, புசலுக்கு 10 சதமாக இருந்த தீர்வையை 30 சதமாக்கியது. அத்தோடு அந்தச் செல்வம் முடிந்தது. வெளியூர்த் தலைநகரில் எடுத்த ஒரு தீர்மானம் ஒரு விவசாய மாவட்டத்தின் கட்டடப் பாணியையே ஓர் ஆண்டில் நிறுத்திவிட்டதை இந்த வீதியில் கண்ணால் பார்க்கலாம்.

அதன் பிறகு கவுண்டியைத் தாங்கியவை தகரத்தில் அடைக்கும் தொழிற்சாலைகளும் பாற்கட்டி ஆலைகளும். வெலிங்ரன் போல்ற்றர் என்பவர் 1882இல் பிக்ரனில் தொடங்கிய தொழிற்சாலையைத் தொடர்ந்து, தக்காளியும் பட்டாணியும் சோளமும் அடைக்கும் ஆலைகள் பெருகின. கனடாவின் தோட்டக் கவுண்டி என்ற பெயரும் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவை ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வெலிங்ரன் அருங்காட்சியகத்தில் அந்தத் தொழிலுக்கென்றே ஒரு சேகரிப்பு உள்ளது. இன்று வீதியின் இருமருங்கும் காண்பவை திராட்சைத் தோட்டங்கள்; 2007இல் இந்தப் பகுதி தனித்த வைன் பிரதேசமாக அங்கீகாரம் பெற்றது. வைன் கடைகளைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். அதை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன்.

சாண்ட்பாங்ஸுக்குப் போகிறவர்களும் இந்த வரலாற்றை அங்கே காணலாம். மேய்ச்சலுக்கு விட்ட மாடுகளும் மர வெட்டும் மணல்மேடுகளைக் கட்டிப் பிடித்திருந்த செடிகளை அழித்துவிட, மணல் உள்நோக்கி நகர்ந்து பண்ணைகளையும் வீதியையும் மூடத் தொடங்கியது. 1921 முதல் அரசாங்கம் மரக்கன்றுகளை நட்டு அதைத் தடுத்தது. மணலுக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் அந்த மரங்களை அடுத்த தடவை பார்க்கும்போது, அவை இயற்கையாக வளர்ந்த காடு என்று எண்ணிவிட வேண்டாம்.

33ஐ விட்டுச் சற்று விலகினால் அமேலியாஸ்பர்க். 1842இல் ஓவன் ரொப்ளின் அங்கே கட்டிய ஐந்து மாடிக் கல் ஆலை இப்போது அந்த இடத்தில் இல்லை. அதன் மரச்சட்டங்களும் இயந்திரங்களும் ரொறன்ரோவுக்குக் கொண்டுவரப்பட்டு, பிளாக் கிறீக் முன்னோடிக் கிராமத்தில் ரொப்ளின் ஆலை என்ற பெயரில் மீண்டும் எழுப்பப்பட்டன. பள்ளிச் சுற்றுலாவில் நம் பிள்ளைகள் பார்த்துவரும் அந்த நீர்ச்சக்கர ஆலை இந்தக் கவுண்டியின் தானியத்தை அரைத்தது என்பது தெரிந்தால், அந்தக் கிராமத்துக்கும் இந்தக் கிராமத்துக்கும் ஒரே நாளில் அல்லாவிட்டாலும் ஒரே கோடையில் அவர்களை அழைத்துப்போகலாம்.

கவுண்டிக்குள் இந்த வீதியின் மேற்கு முடிவு கரியிங் பிளேஸ். இங்கே நிலம் மிக ஒடுங்கி, வெல்லர்ஸ் விரிகுடாவுக்கும் குவின்ரி விரிகுடாவுக்கும் இடையே ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் கழுத்தாகிறது. ஐரோப்பியர் வருமுன்பே சுதேச மக்கள் தோணிகளைத் தோளில் சுமந்து கடந்த வழி அது. இன்றும் போர்ரேஜ் வீதி என்ற பெயரோடு கார்கள் ஓடும் வீதியாக உள்ளது. 1787 செப்ரெம்பரில் இங்கேதான் சேர் ஜோன் ஜோன்சன் மிசிசாகாத் தலைவர்களைச் சந்தித்து, ரொறன்ரோ நோக்கிய வடகரை நிலத்துக்கான உடன்படிக்கையைச் செய்தார். பின்னர் எடுத்துப் பார்த்தபோது அந்த உறுதிப் பத்திரத்தில் நில எல்லைகள் எழுதப்படாமல் வெறுமையாக இருந்தது. தலைவர்களின் குலக்குறிகள் தனித்தாள்களில் வரையப்பட்டு அதோடு ஒட்டப்பட்டிருந்தன. துப்பாக்கி வேட்டின் ஒலி எட்டும் தூரம் என்று நிலம் அளக்கப்பட்டதால் அதற்கு வேட்டொலி உடன்படிக்கை என்ற பெயரும் உண்டு. 1923இன் வில்லியம்ஸ் உடன்படிக்கைகளால் அதைச் சரிசெய்ய முயன்றதும் நீதியாக அமையாமல், 2018இல் மத்திய, மாகாண அரசுகள் மன்னிப்போடு 1.11 பில்லியன் டொலர் இழப்பீட்டுக்கு உடன்பட வேண்டியதாயிற்று. ஸ்காபரோவில் நம் வீடுகள் நிற்கும் நிலத்தின் கதையும் இந்த ஒடுங்கிய கழுத்தில் பேசப்பட்டதுதான்.

இந்தக் கழுத்தையும் 1889இல் மறே கால்வாய் வெட்டி முடித்தது. ஏழாண்டு வேலை, மதகு எதுவும் இல்லாத, நேரான கால்வாய். அன்றிலிருந்து கவுண்டி எல்லாப் பக்கமும் நீர் சூழ்ந்த நிலமாகிவிட்டது. மேற்கிலும் வடக்கிலும் பாலங்கள் வந்தன. கிழக்கில் மட்டும் படகு.

குறைகளைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. இந்த வழியை ஒரு முழுமையான வரலாற்றுப் பயணமாக வாசிக்க உதவும் வழிகாட்டல் ஒரே இடத்தில் கிடைப்பதில்லை. நீலநிறத்து மாகாணப் பலகைகளை அங்கங்கே நின்று நாமே தொடுக்க வேண்டும். அவற்றுள் பழையவை லோயலிஸ்டுகளின் பெயர்களை நிறையவும் மிசிசாகா, மோஹாக் மக்களின் பக்கத்தைக் குறைவாகவும் சொல்கின்றன. அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் கோடையும் அதன் அயலும் மட்டுமே திறந்திருக்கும். ஊருக்கு ஊர் நாள்கள் மாறுவதால் முன்கூட்டியே பார்த்துக்கொண்டு புறப்படுங்கள். கார் இல்லாதவர்களுக்கு இந்தப் பயணம் கடினம். சைக்கிளில் வருபவர்களுக்கோ நேர்மாறு: ஏரிக்கரைச் சைக்கிள் தடம் இந்தப் படகு வழியாகவே போகிறது, கவுண்டிக்குள் 1879இல் போடப்பட்ட புகையிரதப் பாதையின் தண்டவாளம் அகற்றப்பட்டு, ஏறத்தாழ 46 கிலோமீற்றர் நடைபாதையாகத் திறந்துவிடப்பட்டிருக்கிறது.

படகுச் சேவையை மட்டும் தனியே மதிப்பிடச் சொன்னால், இலவசமாக, ஆண்டு முழுவதும், பெரும்பாலும் நேரந்தவறாமல் ஓடும் ஒரு பொதுச் சேவைக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். கோடை வாரஇறுதி நெரிசலுக்காக மட்டும் கொஞ்சம் குறைப்பேன். காலை ஒன்பது மணிக்குள் அடோல்பஸ்ரவுனில் இருக்கும்படி புறப்பட்டால் இடுகாட்டையும் பார்த்து, படகேறி, மலைமேல் ஏரியில் சாப்பாட்டுப் பொதியைப் பிரித்து, பிற்பகல் பிக்ரனிலும் வெலிங்ரனிலும் கழித்து, இருட்டுமுன் கரியிங் பிளேஸில் சுழல்பாலத்தைக் கடந்து டிரென்ரனில் 401ஐப் பிடிக்கலாம். சாண்ட்பாங்ஸை அன்றே சேர்க்க வேண்டாம். அதற்கு இன்னொரு நாள் வையுங்கள்.